ஆவுடையப்பன் பிடித்த இடம்

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகும் விமானங்களில் ஆவுடையப்பனைத் தெரியாத பணிப்பெண்கள் குறைவு. அவர் வாசலில் தலையைக் காட்டியதுமே, தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் அவருக்கு ஒரு ரெடிமேட் துணிக்கடை. மாதம் ஒருமுறை சரக்கு எடுக்கக் கடல் தாண்டி மெயின்லேண்ட் போவார். போகும்போது கையில் மடித்த பைகள் மட்டும் இருக்கும். திரும்பும்போது அவை பிதுங்கும். கப்பலில் அனுப்பினால் சரக்கு வந்து சேர நாளாகும், சில சமயம் நனைந்தும் வரும். பண்டிகை நேரத்தில் அது கட்டுப்படியாகாது. அதனால் கையோடு கொண்டுவருவார். ஒரு ஆளுக்கு ஒரு பை, ஏழு கிலோ என்பது சட்டம். ஆவுடையப்பனுக்கு அது மற்றவர்களுக்கான சட்டம். கோடை வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார். அதன் பைகளுக்குள் குழந்தைகளின் காலுறைகளும் பனியன்களும் திணித்திருக்கும். பெரிய பை ஒன்று, லேப்டாப் பை என்று சொல்லிக்கொண்டு இன்னொன்று, மிட்டாய்க் கடையின் காகிதப் பையில் மூன்றாவது.

அறிவிப்பு வருவதற்கு முன்பே வரிசையில் நிற்பார். உள்ளே நுழைந்ததும் தன் இருக்கைக்கு மேலே சாமான் வைக்கிற அடுக்கைத் திறந்து, பைகளை நீளவாக்கில் படுக்கப் போடுவார். நிமிர்த்தி வைத்தால் நாலு பேருடைய பை கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. நீளவாக்கில் போட்டால் இன்னொருவர் கை நுழையாது. பிறகு கோட்டைக் கழற்றி மேலே விரித்துவிட்டு, உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். யாராவது வந்து, "சார், இதைக் கொஞ்சம் நகர்த்தலாமா?" என்றால், கண்ணைத் திறக்காமலே, "முதல்ல வந்தேன், வச்சேன்" என்பார். கேட்டவர்கள் தங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்கள். இறங்கும்போது அந்தப் பைக்காக எல்லோரும் போகிறவரை காத்து நிற்பார்கள். ஆவுடையப்பன் அதற்குள் வெளியே போய்விட்டிருப்பார்.

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. இடம் பிடிப்பதுதான் பிழைப்பு என்று வளர்ந்தவர். அவருடைய அப்பா போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் கலாசி, கூலி வேலை. குவார்ட்டர்ஸில் ஒரே அறை, ஆறு பிள்ளைகள். கதவோரம் காற்று வரும். முதலில் பாயைப் போட்டவனுக்குத்தான் அது. சொந்த ஊரான அம்பாசமுத்திரத்துக்குப் போகச் சென்னைக்குக் கப்பல் ஏறுவார்கள். ஏணி வைத்ததும் அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் கிளாஸுக்குக் கூட்டம் பாயும். அப்பா இவரைத்தான் முதலில் உள்ளே விடுவார். ஒல்லியான உடம்பு, கால்களுக்கு இடையில் புகுந்து ஓடிவிடுவார். "ரெண்டு பங்க்குக்கும் குறுக்கே படுத்துக்கோ. யார் எழுப்பினாலும் எந்திரிக்காதே" என்பது அப்பாவின் உத்தரவு. அப்படிப் படுத்துப் படுத்தே மூன்று நாள் கடலைத் தாண்டிய குடும்பம் அது. கடையும் அப்படிப் பிடித்த இடம்தான். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வீடும் அப்படித்தான். இரண்டு பெண்களையும் மெயின்லேண்டில் கட்டிக்கொடுத்துவிட்டு, அவரும் மனைவி மீனாம்பாளும் மட்டும் இருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் விஜயராஜ் குடியிருந்தான். மின்சாரத் துறையில் லைன்மேன். அவன் மனைவி காவேரிக்குப் போன மழைக்காலத்தில் தலைப்பிரசவம். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. பிறந்த அன்று சாயந்திரமே அதன் உதடும் நகங்களும் நீலம் பாரிக்க ஆரம்பித்தன. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறி அமைந்திருந்தன. அதற்கான ஆபரேஷன் தீவில் கிடையாது. மறுநாள் ஒரு நர்சும் விஜயராஜும் குழந்தையைச் சென்னைக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது காவேரிக்கு ஒருதரம் முகத்தைக் காட்டினார்கள். அவளுக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்திருக்கவில்லை. துணிக்குள்ளிருந்து மூக்கு மட்டும்தான் தெரிந்தது என்று பின்னால் சொன்னாள்.

அவளும் இரண்டொரு நாளில் கிளம்புவதாகத்தான் இருந்தது. அதற்குள் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டுவிட்டது. எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் பால் சுரந்தது. குடிக்க ஆள் இல்லாமல் மார்பு கல்லாகக் கனத்து, நைட்டி நனைந்தது. சென்னை டாக்டர் போனில் சொன்னார்: "அம்மாவுடைய பால் கிடைச்சா அதைவிட நல்லது இல்லை. அவங்க சாப்பிடற மருந்தால ஒண்ணும் ஆகாது. உறைய வச்சுக் கொண்டுவர முடியுமா பாருங்க." காவேரி கருவியை வைத்துப் பாலை எடுத்தாள். ஆஸ்பத்திரி ஃப்ரீஸரில் அது சின்னச் சின்னப் பைகளாக உறைந்து சேர்ந்தது. கொண்டுபோக ஆள்தான் இல்லை.

விஜயராஜின் அக்கா சுகிர்தா பள்ளிக்கூட ஆசிரியை. அவள்தான் கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க வியாழக்கிழமை சென்னை போறீங்கன்னு மதினி சொன்னாங்க."

"ஆமா, சரக்கெடுக்கப் போறேன்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது அவரைப் பார்க்காமல், மேசை மேல் கிடந்த குட்டிச் சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னாள். ஆவுடையப்பன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "போகும்போது நான் வெறுங்கைதானே. குடும்மா, கொண்டுபோறேன்" என்றார். அது அவருக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலையில் சுகிர்தா ஒரு நீல நிற ஐஸ் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தாள். உள்ளே பால் பைகள், சுற்றிலும் கல்லாக உறைந்த ஜெல் கட்டிகள், மூடியைச் சுற்றி டேப். மீனாம்பாள் அதை வாங்கிக் கீழே வைக்க மனம் வராமல் கட்டில் மேல் வைத்தாள். அதற்குள் காவேரி போனில் வந்தாள். காய்ச்சல் குரல்.

"அண்ணாச்சி, பெட்டியக் கவுத்துறாதீங்க. படுக்கப் போட்டா மூடி கழண்டுக்கும்."

"சரி தாயி."

"கால்மாட்டுல வைக்க வேண்டாம். மேல வைங்க, அண்ணாச்சி."

"மேலதான் வைப்பேன். நீ கவலைப்படாம படு."

மேலே இடம் பிடிக்கத் தன்னைவிட்டால் ஆள் இல்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

விமான நிலையத்தில் முதல் தடை பாதுகாப்புச் சோதனையில் வந்தது. ஸ்கேனர் திரையில் பெட்டியைப் பார்த்த காவலர் அதைத் தனியே ஒதுக்கினார். வடக்கத்தி இளைஞர், கண்டிப்பான முகம்.

"இஸ்மே க்யா ஹை?" உள்ளே என்ன என்று கேட்டார்.

"தூத் ஹை, சாப். மா கா தூத்."

தாய்ப்பால் என்றதும் காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது ஆள், முன்வழுக்கை, கையில் ஒரு பழைய கோட்டு. "பச்சா கஹா ஹை?" என்றார். குழந்தையுடன் போகிறவர்கள் பால் கொண்டுபோவது வழக்கம். இங்கே குழந்தை எங்கே?

"பச்சா சென்னை மே. ஆஸ்பத்திரி மே. மா இதர், பச்சா உதர்" என்றார் ஆவுடையப்பன். தாய் இங்கே, பிள்ளை அங்கே. அதற்கு மேல் சொல்ல அவருக்கு இந்தி ஓடவில்லை. நாற்பது வருஷமாகக் கடையில் இந்தி பேசித்தான் வியாபாரம். அன்றைக்கு நாக்கு எழவில்லை. காவலர் டேப்பைப் பிரிக்கச் சொன்னார். மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் வந்து டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் படித்து, ஜெல் கட்டியை விரலால் அமுக்கிப் பார்த்து, கடைசியில் தலையசைத்தார். அந்த இளைஞரே திரும்ப டேப் ஒட்டிக்கொடுத்தார். கோணலில்லாமல் நிதானமாக ஒட்டினார். ஆனால் நேரம் ஓடிவிட்டது.

போர்டிங் வாசலில் எடை பார்த்தார்கள். பெட்டி ஒன்றே ஏழு கிலோவுக்கு மேல் இருந்தது. ஒரு கோட்டில் எடையை ஒளிக்கத் தெரிந்தவருக்கு இதில் எதை எடுத்து எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. ஒரு ஜெல் கட்டியை எடுத்தாலும் அந்த அளவு குளிர்ச்சி குறையும். தன் காலிப் பைகளைக் கீழே அனுப்பச் சம்மதித்தார். கோட்டையும் அதில் திணித்தார். "இது மட்டும் என் கையில இருக்கட்டும்மா" என்று கெஞ்சினார். எடை பார்த்த பெண் வாக்கி டாக்கியில் யாரிடமோ பேசிவிட்டு உள்ளே விட்டாள். அதற்குள் மற்றவர்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஆவுடையப்பன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசி ஆளாக விமானத்துக்குள் நுழைந்தார்.

வாசலில் நின்ற பணிப்பெண் உமா மகேஸ்வரி அவரை நன்றாக அறிந்தவள். "அங்கிள், இன்னைக்கு லேட்டா?" என்று சிரித்தாள். அவர் உள்ளே பார்த்தார். இருபுறமும் மேலடுக்குகள் எல்லாம் சாத்தியிருந்தன.

தன் வரிசைக்கு மேலே திறந்தார். நிறைந்திருந்தது. அடுத்ததைத் திறந்தார். அதுவும் அப்படித்தான். ஹேவ்லாக் தீவுக்குச் சுற்றுலா போய்விட்டுத் திரும்பும் கூட்டம் அது. ஒரு பெரிய ஓலைத் தொப்பி தனியாக ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. சிப்பி விளக்கு வைத்த அட்டைப் பெட்டி, ஈரத் துண்டு சுருட்டிய பிளாஸ்டிக் பை. அவர் இருக்கைக்கு எதிர்ப்புறம், ஒரு முதுகுப் பை நீளவாக்கில் படுத்திருந்தது. அதன் மேல் ஒரு கோட்டு விரித்திருந்தது. ஆவுடையப்பன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

முன் இருக்கையின் அடியில் பெட்டியைத் தள்ளிப் பார்த்தார். உயரம் இடித்தது. படுக்க வைத்தால் போகும். படுக்க வைக்கக் கூடாது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உமா மகேஸ்வரி வந்தாள்.

"மடியில வைக்கக்கூடாது அங்கிள், டேக் ஆஃப் ஆகப்போகுது. குடுங்க, டேக் போட்டுக் கீழ கார்கோவுல அனுப்பிடறேன். சென்னையில பெல்ட்ல எடுத்துக்கலாம்."

சாமான்களை எப்படி வீசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். வெயிலில் தார்த் தரையில் எவ்வளவு நேரம் கிடக்கும் என்பதும் தெரியும். "வேண்டாம்மா" என்றார்.

"மேல இடம் இல்லையே, அங்கிள்."

அவர் எழுந்தார். அந்த முதுகுப் பைக்குக் கீழே உட்கார்ந்திருந்த இளைஞனிடம், "தம்பி, உங்க பையைக் கொஞ்சம் நிமித்தி வச்சா இதுக்கு இடம் கிடைக்கும்" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. அவன் காதில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, "முதல்ல வந்தோம், வச்சோம் சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட யாரும் ஆவுடையப்பனுக்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனவர்கள்தான். நடைபாதையில் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றார். பின்னாலிருந்து யாரோ, "பெரியவரே, உக்காருங்க, ஃப்ளைட் லேட்டாகுது" என்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

"இது தாய்ப்பால்" என்றார் அவர்.

அந்தச் சொல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. முகம் சூடேறியது. ஆனால் நிறுத்த முடியவில்லை. "பிள்ளை சென்னையில ஆஸ்பத்திரியில இருக்கு. தாய் இங்க கெடக்கு. இது உருகிட்டா வீணாப் போயிரும். எனக்கு எடம் வேண்டாம், நான் நின்னுக்கிட்டுகூட வாறேன். இதுக்கு மட்டும் ஒரு எடம் குடுங்க."

பலருக்கு மொழி புரிந்திருக்காது. இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெங்காலிப் பெண் எழுந்தாள். ஏதோ ரிசார்ட்டின் பெயர் தைத்த சட்டை போட்டிருந்தாள். தன் தலைக்கு மேலிருந்த பையை இழுத்து எடுத்துக் காலடியில் திணித்தாள். பெரிய பை. அதற்குப் பிறகு முழங்கால் இரண்டும் நெஞ்சுவரை வந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துகொண்டு, "ஆயியே, காக்கா, ரக்கியே" என்று, வந்து வைக்கச் சொல்லி மேலே கையைக் காட்டினாள். அதற்குள் அந்த இளைஞனும் எழுந்துவிட்டான். காதிலிருந்ததை முழுதாகக் கழற்றிவிட்டு, "சாரி சார், நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றான். கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பையை நிமிர்த்தி ஓரமாகத் தள்ளினான். உமா மகேஸ்வரி மற்ற பைகளையும் சக்கரம் உள்ளே போகும்படி திருப்பி வைத்தாள். ஒரு பெட்டிக்குக் கேட்ட இடத்தில் இரண்டு பெட்டிக்கு இடம் விழுந்தது. அந்தப் பெண்ணுடைய பையையும் திரும்ப மேலே ஏற்ற முடிந்தது.

ஆவுடையப்பன் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். வழி முழுக்கக் கண்ணை மூடவில்லை. மேகத்தில் விமானம் தூக்கிப்போடும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தார். சென்னையில் தரை தொட்டதும், நிற்பதற்கு முன்பே எல்லோரும் எழுந்து அடுக்குகளைப் படார் படாரென்று திறந்தார்கள். அவர் கையைத் தூக்கிப் பெட்டிக்கு முன்னால் தடுப்பாக வைத்துக்கொண்டு நின்றார்.

வெளியே விஜயராஜ் நின்றிருந்தான். மழிக்காத முகம், கசங்கிய சட்டை. பெட்டியைப் பார்த்ததும் ஓடிவந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். அந்த நேரத்துக்கு ஆவுடையப்பன் சரக்கெடுக்கச் சௌகார்பேட்டையில் இருக்க வேண்டும். அவனோடு அதே டாக்ஸியில் ஏறினார்.

"இவர் யாரு?" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்.

"எங்க அண்ணாச்சி" என்றான் விஜயராஜ்.

வாசல்வரை விட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் வரிசையாகக் குழந்தைகளை வைத்த பெட்டிகள், குழாய்கள், விளக்குகள். நர்ஸ் உருகிய பாலை ஒரு சிரிஞ்சில் ஊற்றி, அதைக் குழந்தையின் மூக்கில் போட்டிருந்த மெல்லிய குழாயோடு இணைத்து உயரத் தூக்கிப் பிடித்தாள். அமுக்கவில்லை, பால் தானாக இறங்கட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். சிரிஞ்சில் வெள்ளைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. பால் வாய்க்கே வரவில்லை, நேராக வயிற்றுக்குப் போகிறது. ஆனாலும் குழந்தை வாயைச் சப்புக்கொட்டியது. ஒரு கால் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் சிரிஞ்சு காலியாகும்வரை நின்று பார்த்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மறுநாள் சொன்னார்கள். அவர் சரக்கு எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அடுத்த பெட்டியைக் கொண்டுபோக ஆள் தேடி, பஜாரில் மெயின்லேண்ட் போகிற வியாபாரிகளை ஒவ்வொரு கடையாகப் போய்ப் பார்த்தார். அவர்களில் பலரும் விமானத்தில் மேலடுக்குக்காக அவரோடு மல்லுக்கு நின்றவர்கள்தான். மொபைல் கடை அன்பழகன் அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தவர். "அடுத்த நடை நான் கொண்டுபோறேன், அண்ணாச்சி. எங்கிட்டக் குடுங்க" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரண்டாவது பெட்டி அவர் கையால் போய்ச் சேர்ந்தது. காவேரிக்குக் காய்ச்சல் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பாலை மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பெட்டிக்கு யாரும் போகிறவர்கள் இல்லை. ஆவுடையப்பன் சரக்கு எடுக்கும் வேலை எதுவும் இல்லாமல், அதற்காகவே டிக்கெட் போட்டார். பெட்டியை ஆட்டோவில் ஏற்றும்போது மீனாம்பாள் அதன் மேல் கையை வைத்து எடுத்தாள்.

இந்த முறை சீக்கிரமே போய் முதல் ஆளாக ஏறினார். தலைக்கு மேலே பெட்டியை நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் வந்தவர்களின் பைகளுக்கும் தானே இடம் ஒழுங்கு செய்துகொடுத்தார். விமானம் கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்தபோதுதான் சென்னையில் குழந்தையின் இதயம் நின்றது. ஆபரேஷனைத் தாங்கிய உடம்பு, அதற்குப் பின்னால் வந்த கிருமியைத் தாங்கவில்லை.

அவருக்கு அது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. விஜயராஜ் அதே இடத்தில் நின்றிருந்தான். பெட்டியை வாங்கக் கை நீட்டவில்லை. கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி" என்றான். பிறகு, "காலையில" என்றான்.

ஆவுடையப்பன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையால் அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். டாக்ஸிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. யாரோ டிராலியால் அவர் குதிகாலை இடித்துவிட்டு, வழிவிடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் நகர்ந்து வழிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "இங்க தாய்ப்பால் சேர்த்து வைக்கிற மில்க் பேங்க் இருக்கு, குறைப்பிரசவக் குழந்தைங்களும் நிறைய இருக்கு. சோதனை செஞ்சு, சூடுபடுத்தி, மத்தக் குழந்தைங்களுக்குக் குடுக்கலாமான்னு டாக்டர் முடிவு பண்ணுவார். உங்களுக்குச் சம்மதமான்னு..." என்று நிறுத்தினாள்.

விஜயராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆவுடையப்பன்தான் போன் போட்டார். சுகிர்தா எடுத்தாள், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, காவேரிக்கும் சொல்லியாயிற்று. விஷயத்தைச் சொன்னதும் போனைக் காவேரியிடம் கொடுத்தாள்.

"கொட்டிறாதீங்க, அண்ணாச்சி" என்றாள் காவேரி. அவ்வளவுதான்.

காவேரியால் வர முடியாது. ஊருக்குக் கொண்டுபோவதென்றால் அந்தச் சின்ன உடம்பைப் பதப்படுத்திப் பெட்டியில் அடைத்துச் சரக்கோடு சரக்காக அனுப்ப வேண்டும். விஜயராஜ் வேண்டாமென்றான். சென்னையிலேயே அடக்கம் செய்தார்கள். கூட இருந்தது இரண்டே பேர். விஜயராஜ் இடுகாட்டு ஆபீஸில் கையெழுத்துப் போடப் போகும்போது குழந்தையை ஆவுடையப்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு பையைத் தூக்கிப் பார்த்தே ஏழு கிலோவுக்கு மேலா கீழா என்று சொல்லிவிடும் கை அது. அந்தக் கைக்கு அன்றைக்கு எடையே தெரியவில்லை. துணி விலகிய இடத்தை இழுத்து மூடினார். விஜயராஜ் வரும்வரை வெயில் படாமல் திரும்பி நின்றார்.

திரும்பி வரும்போது அவரிடம் சரக்கு எதுவும் இல்லை. விஜயராஜிடம் ஒரு சின்னத் துணிப்பை. உள்ளே குழந்தையின் துண்டு, குல்லா, ஆஸ்பத்திரியில் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டை. அதில் பெயர் எழுதியிருக்கவில்லை. காவேரியின் பெண் குழந்தை என்று எழுதியிருந்தது. விமானத்துக்குள் ஆவுடையப்பன் வழக்கம்போல முன்னால் பாய்ந்துபோய் மேலடுக்கைத் திறந்தார். அந்தப் பையை மட்டும் நடுவில் வைத்தார். விஜயராஜ் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டான்.

பின்னால் ஒருவர் பெரிய பையோடு வந்தார். மூச்சு வாங்கியது. "சார், இத்துணூண்டு பைக்கு இவ்வளவு இடமா? அதைக் கீழ வைக்கலாமே."

விஜயராஜ் தலையைத் தூக்கினான். ஆவுடையப்பன் எழுந்தார். துணிப்பையை எடுத்து ஓரத்தில் சுவரோடு சேர்த்து வைத்தார். அந்த மனிதரின் பையைத் தானே வாங்கி, சக்கரத்தை உள்ளே தள்ளி, துணிப்பையின் மேல் சாயாதபடி நிமிர்த்தி வைத்தார். "ரெண்டுக்கும் இடம் இருக்கு, வாங்க" என்றார். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விஜயராஜ் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காவேரி வீட்டுக்கு வந்த பிறகும் பால் நிற்கவில்லை. மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். மீனாம்பாள் பஜாரில் மல்லிகைப்பூ வாங்கி வந்து அவள் மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள்; வற்றுவதற்கு அப்படித்தான் செய்வார்கள். டெய்ரி ஃபார்மில் அந்தத் தெரு முழுக்கச் சில நாள் அந்தப் பூவாசம் இருந்தது. காவேரி யாரிடமும் பேசவில்லை. ஒரு பகலில், ஆவுடையப்பன் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தபோது, அவளே வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க பாத்தீங்கள்லா? குடிக்கும்போது பாத்தீங்கள்லா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பேரம் பேசத் தெரிந்த வாய்க்கு இந்த மாதிரிப் பேச்சு பழக்கமில்லை.

"பாத்தேன் தாயி."

"எப்படிக் குடிச்சா?"

சொன்னார். நர்ஸ் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்ததைச் சொன்னார். அமுக்கவில்லை, தானாக இறங்கியது என்றார். வெள்ளைக் கோடு எப்படிக் கீழே வந்தது என்று விரலால் காட்டினார். "பால் வாய்க்கு வரல. ஆனா வாயச் சப்புக்கொட்டுச்சு. ருசி தெரிஞ்ச மாதிரி."

"அழுதாளா?"

"இல்ல. ஒரு காலை வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கட்டை விரல் மட்டும் தனியா விலகி நின்னுச்சு."

காவேரி குனிந்து தன் காலைப் பார்த்தாள். சேலைக் கரைக்குக் கீழே அவளுடைய கட்டை விரல் மற்ற விரல்களிலிருந்து விலகி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அழுதாள். மீனாம்பாள் வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் இப்போதும் மாதாமாதம் போகிறார். ஒரு பையோடு வருகிறார். மற்றதைக் கப்பலில் போடுகிறார். பண்டிகைச் சரக்கு தாமதமாக வருகிறதென்று மீனாம்பாள் முணுமுணுப்பதுண்டு. விஜயராஜ் அந்த நாட்களைப் பற்றி இதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. காவேரி மட்டும் எப்போதாவது வந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பாள். அவர் கடையில் ஆள் நின்றாலும் காத்திருக்கச் சொல்லிவிட்டுச் சொல்வார். சிரிஞ்சு, வெள்ளைக் கோடு, வாய், கால். ஒவ்வொரு தடவையும் அதே அளவுதான். எதையும் கூட்டமாட்டார், ஒன்றையும் விடமாட்டார்.